மேற்படியாள்

பிப்ரவரி 3, சனி

சாயங்காலம் காபியைக் கொடுத்துவிட்டு வீட்டுக்காரி பூங்காவனம் என் தலையில் குண்டைத் தூக்கிப் போட்டாள். நெட்டேறி மலைக்கு நான் ஏறவேண்டுமாம். காலையில் ஏற ஆரம்பித்தால் இறங்கி வர இருட்டிவிடும் மலை. எனக்கு வயது ஐம்பத்தெட்டு. பத்திர எழுத்தர் வேலையில் முப்பத்திரண்டு வருஷமாக உட்கார்ந்தே இருப்பவன். வீட்டு மாடிக்குக்கூட வடாம் காயப்போடுகிற நாளில்தான் ஏறுவேன், அதுவும் காக்கா விரட்ட.

"வேண்டிக்கிட்டேன்" என்றாள்.

"நீ வேண்டிக்கிட்டா நீ ஏறு."

"நான் ஏறுறதா வேண்டிக்கல. 'அவ அப்பா ஏறி வந்து உனக்கு மாலை சாத்துவாரு'ன்னு வேண்டிக்கிட்டேன்."

அவ அப்பா. அப்படித்தான் விஷயம் வெளியே வந்தது. மேற்படியாளுக்குப் போன மாதம் இருபத்தேழாம் தேதி ஓசூரில் பிரசவம் ஆகியிருக்கிறது. பெண் குழந்தை. ரத்தப்போக்கு நிற்காமல் ஒன்பது மணி நேரம் இழுபறியாம். இப்போது தாயும் பிள்ளையும் நலம்.

மேற்படியாள் என்பது பூங்காவனத்தின் மகள். பத்திரத்தில் ஒரு தரம் பேரை எழுதிவிட்டால் அப்புறம் மேற்படியார், மேற்படியாள் என்றுதான் எழுதுவோம். ஆறு வருஷமாக இந்த நோட்டிலும் அதே வழக்கம்.

இருபத்தேழாம் தேதி எனக்கு ஞாபகம் இருக்கிறது. பூங்காவனம் நாள் முழுக்கச் சாமி ரூமிலேயே கிடந்தாள். விரதம் என்று நினைத்துக்கொண்டேன். சட்னியில் உப்பு இல்லை என்று கத்தினேன்.

பிப்ரவரி 5, திங்கள்

ஆபீசில் கூட்டம் இல்லை. வேண்டுதலைப் பற்றியே யோசித்துக்கொண்டிருந்தேன். என் சம்மதம் இல்லாமல், என் கையொப்பம் இல்லாமல், என் பேரில் ஒருத்தி எழுதிக் கொடுத்தது எப்படிச் செல்லும்? எந்தச் சட்டத்திலும் செல்லாது. ராத்திரி சாப்பிடும்போது கேட்டேவிட்டேன்.

"நீயே ஏறுறேன்னு வேண்டிக்கிட்டிருந்தா சாமி வேணாம்னா சொல்லியிருக்கும்?"

"நான் ஏறுனா அது இன்னா பெரிய விஷயம்? தெனம் தண்ணிக் கொடத்தோட மாடி ஏறி எறங்குறேன். உங்கள ஏத்துறதுதான் கஷ்டம். கஷ்டமா ஒண்ணு சொன்னாத்தான் சாமி காது குடுக்கும்."

ரசத்தை ஊற்றச் சொன்னேன்.

சரி, ஏறுகிறேன் என்று ஒப்புக்கொண்டுவிட்டேன். சாமி காரியத்தில் வில்லங்கம் வைத்துக்கொள்ளக் கூடாது, அவ்வளவுதான். நிபந்தனையையும் தெளிவாகச் சொல்லிவிட்டேன்: மலை ஏறுவேன், மாலை சாத்துவேன், அத்தோடு சரி. ஓசூர்ப் பக்கம் என்னைக் கூப்பிடக் கூடாது.

"சரிங்க" என்றாள். அவள் இவ்வளவு சீக்கிரம் சரி என்று சொன்னால் எனக்குப் பயமாக இருக்கிறது.

பிப்ரவரி 6, செவ்வாய்

ஏரிக்கரையில் நடந்தேன். ஒரு கிலோமீட்டர். மூச்சு வாங்கியதை யாரும் பார்க்கவில்லை.

பிப்ரவரி 9, வெள்ளி

காலையில் மூன்று கிலோமீட்டர். கெண்டைக்காலில் ரெண்டு கல் கட்டின மாதிரி இருக்கிறது. புது கேன்வாஸ் ஷூ குதிகாலைக் கடிக்கிறது.

ஆபீசில் இன்று ஒரு கிரயம், ஒரு தானம், ஒரு திருமணப் பதிவு. விண்ணப்பம் எல்லாம் கம்ப்யூட்டரில்தான் போகிறது, ஆனாலும் எழுதிக் கொடுக்க என்னிடம்தான் வருகிறார்கள். பையனுக்கு இருபத்து மூன்று, பெண்ணுக்கு இருபது. இரண்டு பேருக்கும் உதடு காய்ந்துபோயிருந்தது. சாட்சிக்கு வரவேண்டியவன் ஒருத்தன் வரவில்லை, போனையும் எடுக்கவில்லை. பெண் அழ ஆரம்பித்துவிட்டாள். எப்படியோ ஏற்பாடாயிற்று. அதை விடுவோம்.

ஆறு வருஷத்துக்கு முன்னால் மேற்படியாளும் இதே மாதிரி வந்து நின்றாள். என் மேஜைக்கு முன்னால், நான் இல்லாத நாளில் அல்ல, நான் இருக்கும்போதே. பூர்த்தி செய்த படிவத்தை நீட்டி, "அப்பா, சாட்சி நீங்க போடுங்க. வேற யாரும் வேணாம்" என்றாள். பையன் வேலவன், வேறு சாதி. வாசலில் நின்றுகொண்டிருந்தான். நான் சொன்னது இதுதான்: "இருபத்தாறு வருஷமா இந்த மேஜையில உக்காந்திருக்கேன். ஓடிவந்த கல்யாணம் ஒண்ணுக்குக்கூட நான் சாட்சி போட்டது கிடையாது. அது என் கொள்கை. உனக்காக மாத்த முடியாது." அவள் படிவத்தை எடுத்துக்கொண்டு போய்விட்டாள். வேறு ஏதோ ஊரில் பதிவு செய்துகொண்டார்கள் என்று கேள்வி.

பூங்காவனம் அன்றைக்கு அழுதாளே தவிர என்னைத் திட்டவில்லை. "கொள்கைன்னு ஒண்ணு வெச்சிருக்காரு, அதுக்கு இன்னா பண்றது" என்று தன் அக்காவிடம் சொன்னதைக் கேட்டேன். அந்த ஒரு சொல்லை வைத்துத்தான் இத்தனை வருஷம் இந்த வீட்டில் நிமிர்ந்து நடக்கிறேன்.

பிப்ரவரி 13, செவ்வாய்

வீடெல்லாம் பூண்டு வாசனை. பிரசவ லேகியம் கிளறுகிறாள். இருபதாம் தேதி ஓசூர் போகிறாளாம். எத்தனை நாள் என்று கேட்டேன்.

"பாக்கலாம்."

"பாக்கலாம்னா? மூணு மாசமா?"

"இத்தினி வருஷம் 'அக்கா வீட்டு விசேஷம்'னு பொய் சொல்லிட்டு ஓசூர் பஸ் ஏறுனேன். உங்களுக்குத் தெரியும்னு எனக்கும் தெரியும். இனிமே பொய் சொல்லிட்டுப் போகமாட்டேன். போனா போனதுதான். அங்க கொழந்தையப் பாத்துக்க ஆளு இல்ல."

"இங்க?"

"இங்க உங்களுக்குத்தான் உங்க கொள்கை கீதே, தொணைக்கு."

ஏரிக்கரையில் இரண்டு சுற்று அதிகமாகவே நடந்தேன்.

பிப்ரவரி 17, சனி

நாளை மலை. எலுமிச்சம்பழ சாதம், ஊறுகாய் நெல்லிக்காய், குளுக்கோஸ், தண்ணீர் நான்கு லிட்டர், சாமந்தி மாலை ஈரத்துணியில். சைக்கிள் கடைக்காரர் ஒரு மூங்கில் கழி கொடுத்தார்.

பிப்ரவரி 18, ஞாயிறு

ஏறி இறங்கியாயிற்று. பேனா பிடிக்க முடியவில்லை.

பிப்ரவரி 19, திங்கள்

லீவு. கட்டிலில் உட்கார்ந்தபடி எழுதுகிறேன். தொடை இரண்டும் என்னுடையவை அல்ல. இருந்தாலும் நடந்ததை நடந்தபடி எழுதிவிடவேண்டும். இதில் மட்டுமாவது.

விடிகிற நேரத்துக்கு அடிவாரம். செக்போஸ்ட்டில் பையைத் துழாவி பிளாஸ்டிக் கவரை எல்லாம் எடுத்துக்கொண்டார்கள். முதலில் ஆயிரத்துச் சொச்சம் படிக்கட்டு. பூங்காவனம் செருப்பைக் கழற்றிப் பையில் போட்டுக்கொண்டு, புடவையை இழுத்துச் செருகிக்கொண்டு கிளம்பினாள். முந்நூறாவது படியில் நான் உட்கார்ந்துவிட்டேன். அவள் இருபது படி மேலே நின்று, "இன்னாங்க, அதுக்குள்ளயா?" என்றாள். பக்கத்தில் போன காலேஜ் பெண்கள் சிரித்தார்கள்.

படிக்கட்டு முடிந்ததும் பாறைதான். உருண்டு கிடக்கிற கற்களுக்கு நடுவே வேரைப் பிடித்து, கழியை ஊன்றி, சில இடத்தில் நாலு காலில் ஏறவேண்டும். எதிரே இறங்கி வருகிற ஆட்களிடமெல்லாம் இன்னும் எவ்வளவு தூரம் என்று கேட்டேன். ஒருத்தர் விடாமல், "இதோ வந்துடுச்சு சாமி, பக்கம்தான்" என்றார்கள். அரை மணி நேரம் ஏறின பிறகு இன்னொருத்தர், "இதோ வந்துடுச்சு." எனக்கு எரிச்சல் தாங்கவில்லை. "யோவ், எத்தனை அடின்னு சொல்லுய்யா" என்று ஒரு ஆளிடம் கத்திவிட்டேன். அந்த ஆளும், "அடியெல்லாம் தெரியாது சாமி, பக்கம்தான்" என்றார். பூங்காவனம் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். எத்தனையோ வருஷத்துக்கு அப்புறம் இரண்டு பேரும் சேர்ந்து சிரித்தோம். இந்த மலை நன்றாகத்தான் இருக்கிறது என்றுகூட நினைத்தேன்.

ஒன்பதரை மணி இருக்கும். ஒரு சுனை ஓரமாக உட்கார்ந்து நெல்லிக்காய் மென்றுகொண்டிருந்தோம். மேலிருந்து ஒரு குடும்பம் இறங்கி வந்தது. முப்பத்தைந்து வயது ஆள், தோளில் ஏழெட்டு வயசுப் பெண் குழந்தை, பின்னால் அவன் மனைவி. அவன் என்னைத் தாண்டிப் போய், நின்று, திரும்பி வந்தான்.

"ஐயா, நீங்க பத்திரம் எழுதுற ஏகாம்பரம் ஐயாதானே?"

ஆமாம் என்றேன். ஆமாம் என்று சொல்லியிருக்கக் கூடாது.

"ஏய் கோமதி, இங்க வா! யாருன்னு பாரு! நம்ப கல்யாணத்துக்குச் சாட்சிக் கையெழுத்து போட்டாரே, ஐயா!"

அந்தப் பெண் ஓடி வந்து, அந்தக் கல்லிலேயே என் காலில் விழுந்தாள். குழந்தையையும் இறக்கி விழவைத்தார்கள். நான் வேண்டாம் வேண்டாம் என்கிறேன். பூங்காவனத்தின் பக்கம் பார்க்க எனக்குத் தைரியம் இல்லை.

"அம்மா, உங்களுக்குத் தெரியுமோ தெரியாதோ" என்று அவன் அவளிடம் ஆரம்பித்துவிட்டான். "அன்னிக்குச் சாட்சி போட வர்றேன்னவன் பயந்துகினு ஓடிட்டான். இவ மயக்கம் போட்டு வுழுந்துட்டா. ஐயாதான் காபி வாங்கிக் குடுத்து, 'நான் போடறேன்'னு போட்டாரு. பத்து பைசா வாங்கல. ஒரு வார்த்தை சொன்னாரு பாருங்க, இன்னிக்கும் வூட்ல சொல்லிப்போம். 'பெத்தவங்க கோவம் மூணு மாசம். நாலாம் மாசம் அவங்களே வருவாங்க. பயப்படாத போ'ன்னாரு."

"வந்தாங்களா?" என்று கேட்டாள் பூங்காவனம்.

"நாலாம் மாசம்கூட இல்லம்மா, ரெண்டாம் மாசமே எங்க மாமனாரு வந்துட்டாரு" என்று கோமதி சொல்லிவிட்டுச் சிரித்தாள்.

அவர்கள் கொடுத்த விபூதியை வாங்கிக்கொண்டேன். அவர்கள் இறங்கிப் போய்விட்டார்கள். குழந்தை திரும்பித் திரும்பிக் கை ஆட்டிக்கொண்டே போயிற்று.

பூங்காவனம் வாயிலிருந்த நெல்லிக்கொட்டையைத் துப்பினாள்.

"எத்தினி பேருக்குப் போட்டீங்க?"

"கணக்கு வெச்சுக்கல."

"நூறு பேரு இருக்குமா?"

"இருக்கும்."

"நம்ப பொண்ணு வந்து நின்னதுக்கு முன்னாடியா, அப்பாலயா?"

"முன்னாடியும். அப்பாலயும். பத்து நாளைக்கு முன்னாடிகூட."

அவள் தண்ணீர் பாட்டிலை மூடிப் பையில் போட்டாள். எழுந்தாள். மாலை வைத்திருந்த ஈரத்துணியை என் மடியில் போட்டுவிட்டு ஏற ஆரம்பித்தாள். திரும்பிப் பார்க்கவே இல்லை.

அப்புறம் இரண்டு மணி நேரம் நான் தனியாகத்தான் ஏறினேன். ஏன் மற்றவர்களுக்குப் போட்டேன்? பாவமாக இருந்தது, போட்டேன். யாரோ பெற்ற பிள்ளைகள். போட்டுவிட்டுச் சாயங்காலம் வீட்டுக்கு வந்துவிடலாம். அவர்கள் அப்பாக்கள் ஊரில் தலை குனிந்தால் எனக்கு என்ன? என் பெண் வந்து நின்றபோது குனியவேண்டியது என் தலை. அதுதான் விஷயம். கொள்கையும் இல்லை, மண்ணாங்கட்டியும் இல்லை. ஊருக்குப் பயந்தேன். பயந்ததைச் சொல்ல வெட்கப்பட்டுக் கொள்கை என்றேன். வெறும் பாறையைப் பார்த்து இதையெல்லாம் வாய்விட்டே சொல்லிக்கொண்டு போனேன். எதிரே வந்த ஒருத்தர் எனக்கு வழிவிட்டு ஒதுங்கி, "இதோ வந்துடுச்சு சாமி" என்றார்.

உச்சிக்குக் கீழே செங்குத்தான பாறை. பாறையில் கடப்பாறைகளை அறைந்து வைத்திருக்கிறார்கள். அதில் கால் வைத்து, சங்கிலியைப் பிடித்து ஏறவேண்டும். கீழே பார்த்தால் மரமெல்லாம் கொத்தமல்லிக் கட்டு மாதிரி தெரிந்தது. காற்று வேட்டியைப் பிடுங்கியது. ஏழாவது கடப்பாறையில் எனக்குக் கால் நடுங்க ஆரம்பித்துவிட்டது. ஏறவும் முடியவில்லை, இறங்கவும் முடியவில்லை. செத்துவிடுவேன் என்று நிஜமாகவே நினைத்தேன். பெற்ற பெண்ணிடம் பொய் சொன்ன வாயோடு சாகிறோமே என்று நினைத்தேன்.

மேலே பார்த்தேன். பூங்காவனம் பாறை விளிம்பில் உட்கார்ந்து என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"வலது காலை மேல வைங்க. சங்கிலிய வுடாதீங்க."

ஒவ்வொன்றாகச் சொல்லிக்கொண்டே வந்தாள். மேலே வந்து குப்புற விழுந்து கிடந்தேன்.

"உங்களுக்காக உக்காந்துட்டு இருந்தேன்னு நெனச்சுக்காதீங்க" என்றாள். "வேண்டுதல் உங்க பேர்ல கீது. நீங்க இல்லாம நான் சாமி முன்னாடி போய் நிக்க முடியாது. அதான்."

உச்சியில் சின்னக் கோயில். மாலையை நானே சாத்தினேன். அவள் கண்ணை மூடி ரொம்ப நேரம் நின்றாள். வெளியே வந்து பாறையில் உட்கார்ந்தோம். ஜவ்வாது மலை நீலமாகத் தெரிந்தது. சாதத்தைப் பிரித்து என் பக்கம் நகர்த்தினாள். அவள் சாப்பிடவில்லை.

"உங்க வேலை முடிஞ்சுதுங்க. ஏறுனீங்க, மாலை போட்டீங்க. நிபந்தனைப்படி எல்லாம் ஆச்சு. இனிமே உங்கள ஒண்ணும் கேக்கமாட்டேன். நாளன்னிக்குப் போறேன். என்னைத் திரும்பி வரச் சொல்லி ஆளு அனுப்பாதீங்க."

கோபமாகச் சொல்லியிருந்தால்கூடத் தேவலை.

"போனைக் குடு" என்றேன்.

"இன்னாத்துக்கு?"

"குடேன்."

உச்சியில் நன்றாக டவர் கிடைக்கிறது. ஓசூர் நம்பரை அழுத்தினேன். இரண்டாவது மணியிலேயே எடுத்துவிட்டாள். "சொல்லும்மா, ஏறிட்டாரா?" என்றாள். ஆறு வருஷத்துக்கு அப்புறம் அந்தக் குரல். கொஞ்சம் தடித்திருக்கிறது.

"அரசி, நான்தான்" என்றேன்.

பின்னால் குழந்தை சிணுங்குவது கேட்டது. அவள் முந்திக்கொண்டு ஏதாவது கேட்டுவிட்டால் சொல்ல முடியாமல் போய்விடும் என்று அவசர அவசரமாகச் சொன்னேன்.

"உன்கிட்ட நான் பொய் சொன்னேம்மா. நான் நெறைய பேருக்குச் சாட்சி போட்டிருக்கேன். வர்றவங்க போறவங்களுக்கெல்லாம் போட்டிருக்கேன். உனக்குத்தான் போடல. கொள்கையெல்லாம் ஒண்ணும் இல்ல. ஊருக்குப் பயந்துட்டேன்."

"தெரியும்ப்பா" என்றாள்.

"யாரு, அம்மா சொன்னாளா? எப்ப சொன்னா?"

"அம்மாவுக்கே தெரியாது. அன்னிக்கே தெரியும் எனக்கு. உங்ககிட்ட இருந்து கெளம்பி அடுத்த ஊருக்குப் போனோம். சாட்சிக்கு ஒரு ஆளு கொறைஞ்சுது. மத்தியானம் வரைக்கும் யார் யாரையோ கேட்டோம், எல்லாரும் நமக்கெதுக்கு வம்புன்னுட்டாங்க. ஆபீஸ் வாசல்ல ஒரு ஆட்டோக்காரர் ஃபாரத்த வாங்கிப் பாத்தாரு. 'ஏகாம்பரம் ஐயா பொண்ணா நீயி? உங்கப்பாதாம்மா எனக்குப் போட்டாரு'ன்னு சொல்லி, பேனாவ வாங்கிக் கையெழுத்து போட்டுட்டாரு."

போனை மறு காதுக்கு மாற்றிக்கொண்டேன்.

"ஆறு வருஷமா ஏம்மா கேக்கல என்னை?"

"நீங்களா சொல்லுவீங்கன்னு இருந்தேன்."

"இங்க காத்து ரொம்ப அடிக்குது. சரியா கேக்கல" என்றேன்.

"எனக்குக் கேக்குதுப்பா. அழாதீங்க. பாத்து எறங்குங்க."

போனைப் பூங்காவனத்திடம் கொடுத்துவிட்டு அந்தப் பக்கம் திரும்பி உட்கார்ந்துகொண்டேன். அவள் என் இலையிலிருந்து ஒரு கை சாதத்தை எடுத்து வாயில் போட்டுக்கொண்டு, "உப்பு இல்ல" என்றாள்.

இறங்குவது ஏறுவதைவிட மோசம். முட்டி இரண்டும் தனித்தனியாகக் கழன்றுவிடும் போல இருந்தது. பொழுது சாயச் சாய அடிவாரம் வந்து சேர்ந்தோம். கடைசிப் படிக்கட்டில் மூச்சிரைக்க ஏறிக்கொண்டிருந்த ஒரு கிழவர் இன்னும் எவ்வளவு தூரம் தம்பி என்று என்னைக் கேட்டார். ரொம்ப தூரம் இருக்கு ஐயா, இன்னிக்கு வேணாம், நாளைக்குக் காலையில ஏறுங்க என்றேன். அவர் என்னை ஒரு மாதிரி பார்த்தார்.

பிப்ரவரி 20, செவ்வாய்

ஓசூருக்கு இரண்டு டிக்கெட். பூங்காவனம் லேகிய டப்பாவை மடியை விட்டு இறக்கவில்லை. ஜன்னல் சீட்டை எனக்குக் கொடுத்தாள்.

அரசி இருப்பது இரண்டாவது மாடி. லிப்ட் கிடையாது. பஸ்சில் ஐந்து மணி நேரம் மடக்கி வைத்த கால் முதல் படியிலேயே நின்றுவிட்டது. தூக்கினால் தூக்க வரவில்லை. கைப்பிடிச் சுவரைப் பிடித்துக்கொண்டு அசடு மாதிரி நிற்கிறேன். பூங்காவனம் மேலே போய்விட்டாள். மேலிருந்து குழந்தை அழுகிற சத்தமும் அரசி பேசுகிற சத்தமும் கேட்கின்றன. மலை ஏறினவனுக்கு முப்பது படி ஏற முடியவில்லை.

யாரோ தடதடவென்று இறங்கி வந்தார்கள். வேலவன். அன்றைக்கு ஆபீஸ் வாசலில் ஒரு மணி நேரம் வெயிலில் நின்றான், நான் தலை தூக்கிப் பார்க்கவில்லை. முன்னந்தலை கொஞ்சம் வழுக்கை விழுந்திருக்கிறது. ஒரு படி கீழே வந்து, என் கையை எடுத்துத் தன் தோளில் போட்டுக்கொண்டு, இடுப்பைச் சுற்றிப் பிடித்தான்.

"ஏறலாங்களா மாமா?"

அவன் மேல் முழுப் பாரத்தையும் போட்டேன்.

"மெதுவாப்பா" என்றேன்.